ஆண் மீன்மேல் போட்ட பழி

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கி வந்தேன். திருத்தணியில் எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடும் அறைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடித் தொட்டி வைத்தேன். உள்ளே சாய்த்து வைத்த சிலேட்டில் பெண் மீன் முட்டையிட்டது. இரண்டும் மாறிமாறித் துடுப்பால் விசிறின. மறுநாள் பார்த்தால் சிலேட்டில் ஒரு முட்டைகூட இல்லை.

மூன்று முறை இப்படியே ஆனது. தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன். கடைசியில் ஆண்தான் தின்கிறது என்று முடிவுகட்டினேன்.

"அது துன்னத நீங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பின்ன, பெத்தவளா துன்னுவா?" என்று எரிந்து விழுந்தேன். அன்றே ஆண் மீனைக் கனகம்மாசத்திரத்தில் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த அமாவாசையன்று பெண் மீன் தனியாகவே முட்டையிட்டது. அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோம். அன்று முழுக்க அது சிலேட்டை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை முட்டைகள் கருவில்லாமல் வெளுத்துக் கிடந்தன. அப்போதும் விசிறிக்கொண்டிருந்தது. தறியைப் போட்டோம். தொட்டித் தண்ணீர் நடுங்கியது. மிரண்டுபோன பெண் மீன் என் கண்ணெதிரிலேயே முட்டைகளைத் தின்றது.

பிறந்தது முதல் கேட்ட தறிச் சத்தம். எனக்கு அது ஒரு சத்தமாகவே தோன்றியதில்லை.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். "அது வந்த மூணாம் நாளே செத்துப்பூட்ச்சிங்க" என்றார் நண்பர்.

காலி வாளியோடு வீடு திரும்பினேன். மனைவி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.