அண்ணன் வாசிக்கும் மூன்றாம் வசனம்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடியாமல் ராத்திரிச் சோறு கிடையாது. ஊரப்பாக்கத்தில் அப்போது வீடுகள் குறைவு. மற்ற வீடுகளில் டிவி ஓடும் நேரத்தில் நாங்கள் பாயில் சம்மணம் போட்டிருப்போம். சபையில் மாதாமாதம் கொடுக்கும் தினதியானப் புத்தகத்தைப் பார்த்து அப்பா அன்றைய வேதபகுதியைச் சொல்வார். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். முதலில் அப்பா, அடுத்து அம்மா, பிறகு அண்ணன், கடைசியில் நான். அது முடிந்ததும் அப்பா அந்த நாளுக்குரிய தியானத்தைப் படிப்பார். அதை எழுதியவர் யாரோ, அன்று நான் என்ன திருட்டுத்தனம் செய்தேனோ அதைப் பற்றியே எழுதியிருப்பார். அந்த மனிதரை எனக்கு அறவே பிடிக்காது.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அண்ணன் இறந்துபோனான். தாம்பரத்தில் காலேஜ் முடிந்து வந்தவன், தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுவிட்டான். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போலப் பாயை விரித்தாள். அண்ணனுடைய ஜிப் வைத்த பைபிளில் அன்றைய பகுதியைத் திறந்து, அவன் உட்காரும் இடத்தில் வைத்தாள். அப்பா முதல் வசனம் வாசித்தார். அம்மா இரண்டாவது. பிறகு யாரும் பேசவில்லை. என் முறைதான் போலிருக்கிறது என்று நான் மூன்றாம் வசனத்தை ஆரம்பித்தேன்.

"இரு பாப்பா. அண்ணன் இன்னும் முடிக்கல" என்றாள் அம்மா.

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. சற்றுப் பொறுத்து அம்மா என் முழங்காலைத் தொட்டாள். நான் நான்காம் வசனத்தை வாசித்தேன்.

அன்றிலிருந்து அப்படியேதான். சின்ன வசனம் என்றால் கொஞ்ச நேரம் மௌனம். நீள வசனம் என்றால் மௌனமும் நீளும். அம்மாவின் கண் அப்போது பைபிளில் இருக்காது, அண்ணன் இடத்தின் மேலேயே இருக்கும். ஆனாலும் வசனம் முடிகிற நேரத்தில் அவள் கை சரியாக என் முழங்காலுக்கு வந்துவிடும். ஜில்லென்று இருக்கும். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெப நேரத்தில் எங்கள் பாய்க்கு வந்துவிடுகிறார்கள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, எனக்கு மட்டும் அவன் குரல் கேட்கவில்லையே என்பது. என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, குளிக்கும்போதெல்லாம் குடைந்து குடைந்து புண்ணாக்கிக்கொண்டேன். அவன் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு நாள் அப்பா, "சங்கீதம் நூத்திப் பதினேழு" என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தைப் பார்த்தார். பைபிளிலேயே குட்டி சங்கீதம் அது, மொத்தமே இரண்டு வசனம். தயங்கித் தயங்கி முதல் வசனத்தை வாசித்தார். அம்மா பழக்கதோஷத்தில் இரண்டாவதை வாசித்துவிட்டாள்.

பிறகு மௌனம். வாசிக்க வசனம் இல்லாததால் அது முடியவும் இல்லை. பீச்சுக்குப் போகும் ரயில் சத்தமிட்டுக் கடந்துபோயிற்று. அம்மா காத்திருந்தாள். அண்ணனின் பைபிளில் ஒரு தாள் மெல்ல எழும்பி, அந்தரத்தில் நின்று, மறுபக்கம் விழுந்தது. மின்விசிறிக் காற்றுதான். அம்மா அப்படி நினைக்கவில்லை. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

"போதும்மா" என்றார் அப்பா.

அவள் கை என் முழங்காலுக்கு வரவே இல்லை. எனக்கு அண்ணனை நினைத்துப் பாவமாக இருந்தது.

"அம்மா, அண்ணனுக்கு வசனம் இல்லம்மா" என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து அப்போதுதான் பார்க்கிறவள்போல இருந்தது. பிறகு அந்தப் பைபிளை மூடி, ஜிப்பை மூன்று பக்கமும் மெதுவாக இழுத்துவிட்டாள். அடக்கத்தன்றுகூட அழாதவள் அன்று அழுதாள். தியானத்தைப் படிக்காமலேயே அப்பா ஆமென் சொன்னார்.

மறுநாள் தன் வசனத்தை முடித்த கையோடு அம்மா என் முழங்காலைத் தொட்டாள். நானும் பெரிய ஆளாகிவிட்டேன் என்ற பெருமையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடே அதிர மூன்றாம் வசனத்தை வாசித்தேன்.

சாப்பிடும்போது, "இனிமே மூணாவது எனக்குத்தானே?" என்று கேட்டேன். அம்மா தலையாட்டிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். எதை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.