தீட்டு நாட்களில் அவுரித் தாழி

என் கணவர் இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதற்குள் கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய தாழி. அவுரிக் கட்டியைச் சுண்ணாம்புத் தெளிவில் கரைத்து, தகரை விதையை வேகவைத்த கஞ்சியை ஊற்றிப் புளிக்க வைப்போம். அதுதான் நீலச் சாயம். கோட்டக்குப்பத்துக்குப் போகும் கைலிகளுக்கு அந்த நூல்.

கல்யாணமாகி வந்த ஒரு வருடத்தில் அந்த வேலையைப் பாதிதான் கற்றிருந்தேன். கஞ்சி காய்ச்சுவதும் சுண்ணாம்பு தெளிய வைப்பதும் நான். நூலை நனைப்பது அவர். தாழித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நாக்கை லேசாகக் கடித்தால் சரி. புளித்தால் சுண்ணாம்பு கேட்கிறது என்று அர்த்தம். முதல் தடவை என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார்.

"உங்க வூட்டு மோர்க்கொழம்புன்னு நெனச்சியா? வச்சிப் பாத்துட்டு துப்பு. முழுங்கிடாத தாயே."

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திரும்பி வந்தது உடம்புதான். நான் அழவில்லை. அழச் சொன்னார்கள். அழ வரவில்லை.

என் மூத்தார், அவருடைய அண்ணன், விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மறுநாள் கூடத்தில் அவர் அத்தையிடம், என் மாமியாரிடம், பேசியது கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

"கொட்டாய பிரிச்சிடலாம்மா. சாயம் போட இனிமே யாரு இருக்கா? அந்தப் பொண்ணு கெடாருக்கே போவட்டும், அவங்க அண்ணன் வூட்டுக்கு."

"தாழி ஊறிக்கினு கெடக்குதேடா."

"காரியம் முடியறதுக்குள்ள அதுவே கெட்டுடும். அப்பறம் கவுத்துட வேண்டியதுதான்."

கெடாரில் அண்ணியின் அடுப்படியில் எனக்குச் சோறு கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது என்று தெரியும். அதற்காக வருத்தப்பட்டேனா என்றால் அதுவும் இல்லை. தாழி கெட்டால் நான் போக வேண்டும், கெடாவிட்டால் இருக்கலாம் என்பது மட்டும் மனதில் நின்றது.

சாவு விழுந்த வீட்டில் தீட்டு கழியும்வரை யாரும் தாழியைத் தொடக் கூடாது. தொட்டால் தாழி செத்துவிடும், அப்புறம் நூலில் சாயம் ஏறாது என்பார்கள். கலக்காமல் விட்டாலும் அது அழுகிவிடும். முன்பெல்லாம் உறவில்லாத சாயக்காரர் யாராவது வந்து கலக்கிவிட்டுப் போவாராம். இந்தத் தடவை யாரும் வரவில்லை.

மத்தியானம், வந்தவர்கள் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். கலக்குகிற கழி இல்லை. பாடை கட்ட மூங்கில் போதாமல் அதையும் எடுத்துப் போயிருந்தார்கள். கையையே விட்டுக் கலக்கினேன். நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். சோற்றில் உப்பு இருக்கிறதா என்றே தெரியாத நாட்கள் அவை. தாழித் தண்ணீரும் வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. அதனால் சுண்ணாம்பு போடவில்லை.

கையை எடுத்தபோது பச்சையாக இருந்தது. முந்தானையில் துடைத்தேன், போய்விட்டது என்று நினைத்தேன். நூலும் தாழியிலிருந்து பச்சையாகத்தான் வரும், காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். அவர் எத்தனையோ தடவை காட்டியது. கைக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிணற்றடி தாண்டுவதற்குள் முழங்கைவரை நீலம். புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அதற்குப் பிறகும் தினமும் போய்க் கலக்கினேன். மற்ற நேரம் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரியத்துக்கு முன்தினம் எனக்குக் கடைசியாக வளையல் போட உறவுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, இன்னாடி இது கை? புருஷன் செத்த வூட்ல சாயம் போட்டுக்கினு இருக்கியா?"

"வளையலு மிச்சம்க்கா. அவளே மொழங்கை வரிக்கும் நீலமா போட்டுக்கினா" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மூத்தார் வாசலிலிருந்து வந்து பார்த்தார். "தீட்டோட தாழில கைய வுட்டியா? செத்துருக்கும். நாளைக்கே கவுத்துடறேன்."

அத்தை எழுந்து கொல்லைக்குப் போனாள். எல்லோரும் பின்னால் போனோம். தாழியின் மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டியிருந்தது, நடுவில் நீல நுரை. அத்தை உட்கார்ந்து விரலை விட்டாள். அவளுக்கும் தீட்டுதான். நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"சுண்ணாம்பு கம்மி" என்றாள்.

"யம்மா, தீட்டு..."

"உயிரோட கீதுடா. பெத்தவ நானே கைய வுட்டுட்டேன். நீ வேணா கவுத்துப் பாரு."

அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? ஜல்தியா சுண்ணாம்பு கொண்டாந்து ஊத்து" என்றாள் அத்தை.

மறுநாள் வளையலை எடுத்தார்கள். என் அண்ணன் கெடாரிலிருந்து வண்டியோடு வந்து, தனியாகத் திரும்பிப் போனார். தீட்டு கழிந்ததும் முதல் நூலை நானே நனைத்தேன். பிழிந்து உதறிக் கொடியில் போட்டேன்.

அத்தை உள்ளேயிருந்து கேட்டாள். "எப்படிடி வந்துக்கீது?"

"நீலமாத்தான் கீது அத்தே" என்றேன். அடுத்த நூலை எடுத்தேன்.