போஸ்டர் உரிக்கும் முத்துச்செல்வி அக்கா

முத்துச்செல்வி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

பி.ஏ. வரலாறு முடித்துப் பட்டம் வாங்கிய வாரம் அது. எங்கள் ஊர் விலக்கில் எனக்குப் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ‘எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியே’ என்று மேலே பெரிய எழுத்து. நடுவில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான். ஓரங்களில் மாமா, சித்தப்பா தொடங்கி இன்னும் பேர் வைக்காத குழந்தை வரை வரிசையாக முகங்கள். உப்பு வாங்க, பேட்டரி வாங்க, யாரையாவது பஸ் ஏற்றிவிட என்று ஏதாவது சாக்கு வைத்து நான் தினமும் அதைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையும் போனேன். பிளக்ஸுக்குக் கீழே, நிழற்குடைச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு ஒரு பெண் நின்றார். கையில் தூக்குவாளி, தோளில் சுருட்டிய பாய்.

“அக்கா, அதக் கிழிக்காதிய. செத்தவரு எங்களுக்குத் தெரிஞ்சவரு.”

“கிழிக்கவா? ஏலே, கிழிக்கிறவ இப்பிடியா தொடைச்சிக்கிட்டு நிப்பா? பதினாறு நேத்தோட முடிஞ்சிட்டு. முடியாம நான் கை வைக்க மாட்டேன். தள்ளி நில்லு, வெயிலு மறைக்குது.”

கீழ் மூலையில் நகத்தை வைத்து அவர் மெல்லத் தூக்க, தோசை கல்லிலிருந்து வருவதுபோல் முழு போஸ்டரும் சுவரை விட்டு வந்தது. பாயை விரித்து அதன்மேல் போட்டுச் சுருட்டினார். அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பிளக்ஸைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இது நீயா?”

“ஆமாக்கா. எங்க வீட்ல மொத டிகிரி.”

“நல்லாருக்கு. சொந்தக்காரங்க பேரு ஒண்ணுவிடாம போட்டுருக்காவ. கழட்டும்போது எனக்குச் சொல்லு, எடுத்துக்கிடுதேன்.”

“நான் இன்னும் சாகலையே அக்கா.”

“அதுக்கென்ன, இருந்துட்டுப் போ. நான் அவசரப்படுத்தலையே.”

என்னைப் பெற்றவர்கள்கூட அந்தப் பிளக்ஸை அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கோவில்பட்டியில் அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். சின்ன வயதில் லேபிள் ஒட்டினார். கோணலாக ஒட்டிய லேபிளைக் கிழியாமல் எடுத்து மறுபடி ஒட்டத் தெரிந்தால்தான் அங்கே காலம் தள்ள முடியும். சுவரிலும் தீப்பெட்டியிலும் பசை ஒன்றுதான், சுவர் கொஞ்சம் பெரிய பெட்டி, அவ்வளவுதான் என்பார்.

முதல் போஸ்டரை அவர் சுவரிலிருந்து எடுக்கவில்லை. ஆட்டின் வாயிலிருந்து எடுத்தார். அவருடைய அப்பா இறந்து, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி, கருமாதியும் முடிந்த மறுநாள், பசை ருசிக்கு வந்த வெள்ளாடு ஒன்று அப்பாவைத் தின்றுகொண்டிருந்தது. “மீசை வரைக்கும் போயிட்டுடே. நான் இழுக்கேன், அது இழுக்குது. ஆட்டுக்காரி வந்து, ‘ஏ புள்ள, ஆட்ட விடு’ங்கா. ‘உன் ஆடு எங்கப்பன விடட்டும்’னேன்.” மீசைக்கு மேலே உள்ள பாதி இன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பின் எந்தச் சுவரில் எந்த முகத்தைப் பார்த்தாலும் ஆடு ஞாபகம் வந்து, அவரால் சும்மா போக முடியவில்லை.

போஸ்டர் மட்டுமல்ல. கருமாதிப் பத்திரிகைகள், விசேஷ வீட்டிலும் செத்த வீட்டிலும் எடுத்த குரூப் போட்டோக்கள், ‘இன்னார் காலமானார், உடனே வரவும்’ என்று மூலையில் கறுப்பு மை தடவி வந்த தபால் கார்டுகள். அந்தக் கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அது கிடைப்பது அபூர்வம். ஒரு கறுப்புக் கார்டு கிடைத்த அன்று அக்கா ஆபீஸில் எல்லாருக்கும் காரச்சேவு வாங்கிக்கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, “கயத்தாத்துல ஒருத்தரு எறந்துட்டாரு, எழுபத்தொண்ணாம் வருசத்துல” என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாம் ஊர் வாரியாக அட்டைப்பெட்டிகளில், இடையிடையே வேப்பிலை போட்டு அடுக்கியிருந்தது. நான் போனில் படம் பிடித்து, பெயர்களைத் தட்டெழுதிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அக்காவின் கணவர் சங்கரபாண்டி அண்ணாச்சி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, படிச்ச புள்ள நீ. இவளத் திருத்துவியோன்னு பாத்தா நீயும் சேந்து அடுக்குதியே. கட்டில்ல நான் ஒராள், கட்டிலுக்கு அடியில விளாத்திகுளம் தாலுகாவே படுத்திருக்கு” என்றார்.

அவர்களுடைய ஒரே மகள் காவியா. பி.காம். முடித்துவிட்டு இரும்புக்கடையில் பில் போடுகிறாள். போன வைகாசியில் அவளுக்குக் கயத்தாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. பாண்டிராஜ், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பையனும் பெண்ணும் பார்த்த அன்றே பிடித்துப்போய், போன் நம்பர் கைமாறி, ராத்திரி ராத்திரி சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பேசி முடிக்கப் பையனின் தாய்மாமா முத்துகிருஷ்ணன் நாலு பேரோடு வந்தார். பெட்டிகளை எல்லாம் மாடிக்கு ஏற்றும் வேலைக்காக நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் ஒரு செத்த முகமும் படக்கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு.

மிக்சர் வந்தது, காபி வந்தது. பேச்சு பூர்வீகத்துக்குப் போனது. முத்துகிருஷ்ணன், “எங்க மாப்ளைக்குப் பூர்வீகம் பசுவந்தனை. பூட்டன் பேரு பூவனநாதன். கெணத்துல கமலை எறைக்க மாடு பழக்குறதுல அவர அடிச்சிக்கிட ஆளு கெடையாதாம்” என்றார்.

அக்காவின் முகத்தில் பல்பு எரிந்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்று சொல்வதற்குள் அக்கா மாடிப்படி ஏறியிருந்தார்.

“இந்தா பாருங்க, ஒங்க பூட்டன் பேரு எங்க வீட்லயே இருக்கு” என்று ஒரு மஞ்சள் காகிதத்தோடு இறங்கி வந்தார். சங்கரபாண்டி அண்ணாச்சியின் அப்பாவழித் தாத்தா உச்சிமாகாளியின் கருமாதிப் பத்திரிகை, 1978. அக்கா சந்தோஷமாக உரக்கப் படித்தார். மகன்கள் இன்னார், மருமக்கள் இன்னார், “உடன்பிறந்த சகோதரர்கள்...” என்று ஆரம்பித்து, மூன்றாவது பெயராக, “பூவனநாதன், பசுவந்தனை” என்று படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

முத்துகிருஷ்ணன் மிக்சர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப ரெண்டு பூட்டனும் அண்ணன் தம்பி. நீங்களும் அவியளும் பங்காளிக. பொண்ணும் மாப்ளையும் அண்ணன் தங்கச்சில்லா ஆகுது.”

எங்கள் சனத்தில் பங்காளிக்குள் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. அதில் எந்தச் சமாதானமும் செல்லாது. “குலசாமி வேறல்லா மாமா” என்று நான் சொல்லிப் பார்த்தேன். “பொழைக்கப் போன எடத்துல சாமிய மாத்துனவிய எத்தன பேரு தம்பி” என்றார். பாண்டிராஜின் தாத்தா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் விஷயம் தெளிவாகியிருக்கும். அவர் இல்லை. அவருடைய போஸ்டர்தான் மாடியில் இருந்தது. ஆடிக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்தார்கள்.

வாசலில் கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் காவியா அடுக்களையிலிருந்து வந்தாள்.

“ஏம்மா, ஒன்ன யாரு கேட்டா?”

“சந்தோசத்துல எடுத்துட்டேம்ட்டி.”

“ஊரான் வீட்டு எழவெல்லாம் சேத்து வச்சா, நம்ம வீட்டு எழவும் அதுக்குள்ளதான கெடக்கும்” என்றார் அண்ணாச்சி.

பாண்டிராஜ் அன்று சாயங்காலம் காவியாவுக்குப் போன் செய்து, அவளைச் சிரிக்க வைப்பதாக நினைத்து, “என்ன தங்கச்சி” என்றிருக்கிறான். அவள் போனைக் கட் பண்ணிவிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட அக்கா மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஒருத்தன் பங்காளியா மாமனான்னு பத்திரிகைல பாக்கக் கூடாதுடே. தலைல பாக்கணும். வண்டிய எடு.”

எங்கள் பக்கத்தில் பெரியவர் இறந்தால் பதினாறாம் நாள் மகன்களும் பங்காளிகளும் மொட்டை போட்டு மீசையை எடுப்பார்கள். மாமன் வீட்டார் முடி எடுக்க மாட்டார்கள். அவர்கள் புதுத்துணி கொண்டுவந்து மகன்களின் தலையில் தலைப்பாகையாக உருமால் கட்டுவார்கள். அந்தக் கட்டு நடக்கும்போது போட்டோ எடுக்காமல் விடுவதில்லை. உச்சிமாகாளிக்கும் எடுத்திருப்பார்கள், அது யார் வீட்டிலாவது இருக்கும் என்பது அக்காவின் கணக்கு.

விளாத்திகுளம் பக்கம் அண்ணாச்சியின் பெரியப்பா மகன் ஜெயபாண்டி இருந்தார். நாங்கள் போனபோது முற்றம் முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அக்காவைக் கண்டதும், “இங்கன யாரும் சாகலையே, எதுக்கு வந்திருக்க?” என்றார்.

“நீங்க இருக்கதே போதும் அத்தான். ஒங்க வீட்டுச் சாமி படத்தையெல்லாம் கழட்டணும்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

பழைய போட்டோவை யாரும் தூக்கிப் போடுவதில்லை, புதிய படம் மாட்டும்போது அதே பிரேமுக்குள் பின்னால் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள் என்பதை அக்கா பல வீட்டில் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பிரேமாகக் கழற்றி, பின்பக்க அட்டையைத் தடவிப் பார்த்தார். முருகனைத் தடவினார், “இது ஒல்லி” என்று மாட்டினார். லட்சுமியைத் தடவினார். “இவளுக்கு முதுகு தள்ளியிருக்கு. உள்ள ஆளு இருக்கு.”

ஆணியைப் பிடுங்கும்போது காற்று அடித்து வத்தல் நெடி உள்ளே வந்தது. அக்கா தும்மினார், ஜெயபாண்டி தும்மினார், நான் லட்சுமியைக் கையில் பிடித்தபடி தும்மினேன். கண்ணில் நீர் வழிய மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

லட்சுமிக்குப் பின்னால் இரண்டு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். மூத்த மகன் மனையில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் மொட்டைகள் மின்னின. அவர் தலையில் உருமாலைச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் எண்ணெய் வைத்து வகிடெடுத்த முழுத்தலை; மேல்நோக்கி முறுக்கிய மீசை. போட்டோவின் பின்புறம் யாரோ பென்சிலில் வரிசையாகப் பெயர் எழுதியிருந்தார்கள். உருமால் கட்டுகிறவர் பெயர், பூவனநாதன்.

“மீசையப் பாருடே” என்றார் அக்கா. அடுத்து மறுபடி தும்மல்தான் வந்தது.

போட்டோவைக் கொடுங்கள் என்றதற்கு ஜெயபாண்டி சம்மதிக்கவில்லை. மொட்டைகளில் சின்ன மொட்டை தான் என்று கண்டுபிடித்திருந்தார். படத்தை விட்டுப் பிரிய மாட்டேன் என்று தன் மொபெட்டில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே கயத்தாறு வரை வந்தார். லட்சுமியையும் விடவில்லை, இரண்டையும் வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மடியில் வெள்ளைத் துணிப்பொட்டலத்தைக் கண்டு, ஏதோ துக்கம் என்று நினைத்து எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள்.

பாண்டிராஜ் வீட்டில் முத்துகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“பங்காளின்னா இந்த மீசை இருக்காதே.”

“அதத்தான் அண்ணாச்சி சொல்லுதேன்.”

“மாமன்லா கட்டுவான் இத. சங்கரபாண்டியோட அப்பாவப் பெத்த அம்மைக்குப் பொறந்த ஊரு எது?”

“பசுவந்தனைன்னு சொல்லுவாவ.”

“அட, இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?”

“யாரு கேட்டிய? மிக்சர வச்சிட்டு எந்திரிச்சிட்டியளே.”

பூவனநாதன் உச்சிமாகாளியின் மனைவிக்கு உடன்பிறந்தவர் என்றால், காவியா பாண்டிராஜுக்கு முறைப்பெண்ணே ஆகிறாள். முத்துகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நாங்க மாமன் வீடு. அன்னைக்கு எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிய” என்றார். அடுத்த தடவை கட்டிலே போடுகிறோம் என்று அக்கா சொன்னார். உள்ளேயிருந்து பாண்டிராஜ் வந்து அக்காவின் காலில் விழுந்தான். அப்படியே கிடந்தபடி காவியாவுக்குப் போன் போட்டான். இந்த முறை அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

மாமனை எதற்குப் பத்திரிகையில் உடன்பிறந்தவர் ஆக்கினார்கள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அச்சகத்துக்காரன் தப்பு என்கிறார் ஜெயபாண்டி. உச்சிமாகாளியும் பூவனநாதனும் ஒரே வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு அலைந்தவர்கள், மைத்துனன் என்று போட்டால் அந்நியமாக இருக்கும், கூடப்பிறந்தவன் என்றே போடுங்கள் என்று பூவனநாதனே அடம்பிடித்திருப்பார் என்கிறார் அக்கா. பத்திரிகையில் பேர் எங்கே வருகிறது என்பதற்காக ஆறு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். அதனால் நான் அக்கா கட்சி.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வாசலில் வைத்தார்கள். கருமாதிப் படத்தைக் கல்யாணத்தில் வைத்த ஒரே மண்டபம் அதுவாகத்தான் இருக்கும். வந்தவர்களெல்லாம் மொட்டைகளுக்குள் தங்கள் ஆளைத் தேடினார்கள். பந்திக்குக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. சமையல்காரர் வெளியே வந்து, சாம்பார் ஆறுகிறது என்று சத்தம் போட்டபிறகுதான் கூட்டம் கலைந்தது.

முத்துச்செல்வி அக்கா இப்போதும் கோவில்பட்டியில்தான் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாடி அறையைத் திறந்து வைக்கிறார்; முறை கேட்டு, முகம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களுக்குக் காபி கொடுக்கிறார்.