குளத்தை வெட்டியது யார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஐயா, என் நூலக வகுப்பை நிறுத்தியது நீங்கள்தான். பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்று முதல்வரிடம் சொன்னது வெறும் சாக்கு. ஒரு மாணவி உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அதற்குத்தான் நிறுத்தினீர்கள்.

நீங்கள் வரலாற்றுத் துறைத் தலைவர், நான் அதே கல்லூரியின் நூலகர். பிள்ளைகள் கைக்கு இணையம் வந்த புதிது. திரையில் தெரிவதை அப்படியே பார்த்து எழுதினார்கள். அதனால்தான் வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

ஒருவர் சொல்வதை நம்பலாமா என்பதை அவர் பட்டத்தை வைத்து முடிவு செய்யாதே. எதைப் பற்றி, யாருக்காகச் சொல்கிறார் என்று பார். நூலகவியலில் இப்படி ஒரு கோட்பாடு உண்டு. அதைக் கரும்பலகையில் எழுதினேன். கொட்டாவி விட்டார்கள். அடுத்த வாரம் கோட்பாட்டை விட்டுவிட்டு, "இன்னைக்குப் பிச்சிப்பூ என்ன விலைன்னு யாருட்ட கேப்பிய?" என்றேன்.

பூச்சந்தை ஊரான தோவாளையிலிருந்து வந்த பையன் ஒருவன் எழுந்தான். "விக்கிறவன் ஒண்ணு சொல்லுவான், வாங்குறவன் ஒண்ணு சொல்லுவான் மேடம். ரெண்டு பேரும் அவனவன் காரியத்துக்குத்தான் சொல்லுவான்."

"அப்போ நீ என்ன செய்வ?"

"ரெண்டையும் கேட்டுட்டு, விக்காம வாங்காம நிக்கிறவன்ட்ட கேப்பேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "சந்தையில சும்மா நிக்கிறவன் உங்க அப்பா மட்டுந்தாம்லே" என்றாள். வகுப்பே சிரித்தது. கோட்பாடு புரிந்துவிட்டது.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்திதான் பூதப்பாண்டியிலிருந்து வந்த அந்த மாணவி. இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தன் ஊர்ப்பக்கக் குளத்தை எடுத்திருந்தாள். அதை எந்த அரசன் வெட்டினான் என்று பல இணையதளங்கள் சொல்லின. எல்லாவற்றிலும் வரி மாறாமல் ஒரே பத்தி. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறது, முதலில் எழுதியவரைத் தேடு என்றேன். தேடினாள். ஒரு கோயில் விழா மலரில் போய் நின்றது. கட்டுரை உங்களுடையது. கல்வெட்டு என்றோ, ஓலை என்றோ, ஊரார் சொன்னது என்றோ அதில் ஒரு சொல் இல்லை.

உங்களிடமே கேட்கப் போகிறேன் என்றாள். "ஏட்டி, கையெழுத்துப் போட வேண்டிய ஆளே அவருதான். ஒனக்குக் கிறுக்கா?" என்று தோழி தடுத்தாள். அதையும் மீறித்தான் கருத்தரங்க அறையில், எல்லோர் முன்னாலும், பணிவாகக் கேட்டாள்: "சார், இது எதுலேருந்து எடுத்தீங்க?"

"புக்கு எடுத்துக் குடுக்கிற அம்மா சொல்லிக் குடுத்ததா?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டீர்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்தீர்கள். கையெழுத்து இல்லையென்றால் அவளுக்குப் பட்டம் இல்லை. கடைசி நாள், அரசன் பெயருக்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து, உங்கள் பத்தியை அப்படியே எழுதிக் கொண்டுவந்தாள். போட்டீர்கள். அடுத்த வாரம் என் வகுப்பும் போயிற்று.

அவள் ஆய்வேடு இன்றும் நூலக அலமாரியில் இருக்கிறது. இனி வருகிற பிள்ளைகள் அதையும் ஆதாரம் என்று காட்டுவார்கள்.

ஆகவே கேட்கிறேன். அதே அறையில், அதே ஒலிவாங்கி முன்னால் நின்று சொல்லுங்கள்: அந்த அரசன் பெயரை எங்கே படித்தீர்கள்? தெரியாது என்றால் அதையாவது எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.