மூடுபனியில் வந்த இரண்டாவது பதில்

எங்கள் தெருக் கிணற்றுக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று ஒரு கோடை முழுக்க ஊரே பயந்துகொண்டிருந்தபோது, அது மோட்டார்க் குழாயில் காற்று அடைபட்ட சத்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் நான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னை எந்த வகையில் சேர்ப்பீர்கள் என்று தெரியும். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். போடியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் படம் வரைகிறேன், மட்டம் பார்க்கிறேன். எதையும் இரண்டு தடவை எண்ணி, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் நோட்டில் ஏற்றுவேன். அப்படிப்பட்டவள்தான் இதை எழுதுகிறேன். நம்புவதும் சிரிப்பதும் உங்கள் விருப்பம்.

பறவை பார்ப்பது என் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த சாரதா என்ற பெண் மதுரையிலிருந்து எனக்கு இன்லண்டு லெட்டர் எழுதுவாள். ஒன்றரை வருடக் கடிதப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. அவளுக்கு வரித்தலை வாத்து பார்க்கவேண்டும். இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற வாத்து அது. ராசிங்காபுரத்துக்கு அந்தப்பக்கம் உள்ள கண்மாயில் தை மாதம் இறங்கும் என்று நான் எழுதியிருந்தேன். அவள் அப்பா பள்ளி வாத்தியார். மகள் தனியாகப் போகும் முதல் பயணம் இது என்றும், ஞாயிறு மாலை ரயிலில் நானே ஏற்றிவிடவேண்டும் என்றும், ஏதாவது ஒரு குறை நேர்ந்தால் இனி இந்த வாத்து கீத்தெல்லாம் கிடையாது என்றும் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். நான் பதில் எழுதினேன்: "பத்திரமாக ஏற்றிவிடுகிறேன். பொறுப்பு என்னுடையது." அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன், ஏதோ வரைபடத்துக்குப் போடுவது போல.

சனிக்கிழமை சாயந்தரம் வந்து இறங்கினாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. குரல்தான் இல்லை. சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதி எழுதிக் காட்டினாள். பொங்கலுக்கு மலையிலிருந்து இறங்கியிருந்த என் பேச்சியத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ அரசி, ஒன்றர வருசமா நீ கடுதாசி போட்டது இந்தப் புள்ளைக்குத்தானா? நல்லதாப் போச்சு. எந்தா கூத்து இது! ரெண்டு பேரும் எதுக்க எதுக்க ஒக்காந்து கடுதாசியே எழுதிக்கங்க, தபால்தலக் காசு மிச்சம்."

சாரதா நோட்டில் எழுதி நீட்டினாள்: "அத்தை நல்லா பேசறாங்க. எனக்கும் சேர்த்துப் பேசட்டும்."

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னதும் அப்படிச் சிரித்தாள்.

ஏலத்தோட்டத்தில் இருபது வருடம் காய் எடுத்தவள் அத்தை. தேவாரம் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று பேச்சு இருந்ததால் அப்பா அவளையும் எங்களோடு அனுப்பிவிட்டார். விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். நான் கொண்டு போனவை: நோட்டு, இரண்டு பென்சில், திசைகாட்டி, எலுமிச்சைச் சோறு, முதலாளியிடம் கேட்டு வாங்கிய பழைய டம்பி லெவல், அதன் முக்காலி. டம்பி லெவல் என்பது மட்டம் பார்க்கும் தொலைநோக்கி. பழைய கருவி என்பதால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எனக்குப் பழகிவிட்டது. கொக்குகள் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டு மீன் பிடிக்கும், அவ்வளவுதான். முக்காலியை அத்தை விறகுக்கட்டு போலத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கொக்கப் பாக்க இம்புட்டுச் சாமானா? நம்ம வயக்காட்டுல வந்து நிக்காத கொக்கா?"

கண்மாய்க் கரையில் ஏறியபோது கண்மாயே இல்லை. வெள்ளைவெளேர் என்று பனி. தண்ணீர் எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும் நீங்கள். கிளுவைகள், நாமக்கோழிகள், முக்குளிப்பான்கள், எல்லாம் சேர்ந்து சந்தை மாதிரி இரைந்தன. சாரதா என் கையைப் பிடித்து ஒரு குதி குதித்தாள்.

மூன்று இடம் குறித்தேன். மடை பக்கத்தில் கருவியோடு நான். நூறு காலடி தள்ளி அத்தை. இன்னும் நூறு காலடி தள்ளி, அவள் அப்பாவின் பைனாகுலரோடு சாரதா. அத்தைதான் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மலையில் பனி இறங்கினால் காய் எடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. முன்னால் நிற்பவள் "ஓஓய்" என்று ஒரு குரல் விடுவாள். மற்றவர்கள் வரிசையாகப் பதில் கொடுக்க, அவள் எண்ணிக்கொள்வாள். பனிக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது.

"ஏன் அத்தை?"

"கேக்குறது நம்ம மட்டுமா? பேரு தெரிஞ்சா அதுவும் கூப்புடும்ல." கொஞ்சம் யோசித்து, "கொறஞ்சா தேடு. கூடுனா தேடாத. அம்புட்டுத்தான் கணக்கு," என்றாள்.

குரல் இல்லாத சாரதாவுக்கு டிபன் மூடியும் கரண்டியும் கொடுத்தோம். கால் மணிக்கு ஒரு தடவை நான் கூப்பிடுவது, அத்தை "ஓய்", சாரதா "டிங்". ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டேன். ஓய், டிங். நோட்டில் எழுதினேன்: 2 சரி. ஏழு மணிக்கும் அப்படியே. அதற்குள் பனி ஓரிடத்தில் லேசாக விலகி, கருவியில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று தலைகீழாக நீந்தி வந்தது. எனக்கு உலகம் மறந்துபோனது.

ஏழேகாலுக்குக் கூப்பிட்டேன். "ஓய்" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு இன்னொரு "ஓஓய்". இளம்பெண் குரல், கணீரென்று, கடைசியில் சின்னதாக ஒரு கீறல் விழுந்து மேலே போய் நின்றது. இரண்டு. 2 சரி என்று எழுதிவிட்டு வாத்துகளுக்குத் திரும்பிவிட்டேன். ஏழரைக்கும் அதே போல. 2 சரி. சொன்னால் வெட்கம், எனக்கு எண்ணிக்கைதான் காதில் விழுந்தது, குரல் விழவில்லை.

பனிக்குள்ளிருந்து அத்தை வேகவேகமாக நடந்து வந்தாள். வாயில் வெற்றிலை, ஆனால் மெல்லவில்லை.

"அந்த மதுரப் புள்ளைக்குத் தொண்ட தொறந்துருச்சா?"

"தெரியலையே, ஏன்..." என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்தினேன். ஏழேகாலிலிருந்து டிங் வரவே இல்லை. இருவரும் சாரதாவின் இடத்துக்கு ஓடினோம். அவள் பை இருந்தது. செருப்பு இருந்தது. அவள் இல்லை. கரையிலிருந்து கண்மாய்க்குள் இறங்கிய கால்தடம் நாலைந்து தெரிந்தது, அப்புறம் தண்ணீர் கலங்கிய சேறு. எனக்கு அவள் அப்பாவின் கையெழுத்துதான் கண்முன்னால் வந்தது. "சாரதா" என்று கத்த வாயைத் திறந்தேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

"பேரச் சொல்லாதடீ. ஓய்னு மட்டும் விடு."

விட்டேன். உடனே பதில் வந்தது, அதே கீறல் குரலில், கரைப் பக்கத்திலிருந்து இல்லை, கண்மாய்க்கு உள்ளேயிருந்து. எட்டு வைக்கப் போன என்னை அத்தை இழுத்துப் பிடித்தாள். தப்பான இடத்தில் கால் வைத்தால் இடுப்புவரை உளைச்சேறு. பனியில் குரல் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பி இறங்கமுடியாது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. திசைகாட்டியை எடுத்து, குரல் வந்த பக்கம் பிடித்துக் கோணம் குறித்தேன். திரும்ப ஓடி அத்தை நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓய் விட்டேன். பதில் வந்தது. அந்தக் கோணத்தையும் குறித்தேன். நோட்டில் கண்மாயின் படம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். இரண்டு கோடும் இழுத்தேன். கண்மாய்க்குள் இடிந்து கிடக்கும் பழைய மடைக்குப் பின்னால் இருக்கும் சம்புக்கோரைப் புதரில் போய் வெட்டிக்கொண்டன. ஆள் இல்லாத குரலை இரண்டு இடத்திலிருந்து அளந்தவள் இந்தத் தேனிப் பக்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழைய மடையின் கல்வரிசை மேலே நடந்து போனோம். அங்கேதான் இருந்தாள். தொடைக்கு மேல் சேற்றில், அசையாமல், பைனாகுலரை மட்டும் நனையாமல் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வாத்துச் சத்தம் பக்கத்தில் கேட்டதென்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறாள்; மூடியும் கரண்டியும் சேற்றுக்குள் போய்விட்டன. கை தட்டிப் பார்த்தாளாம், ஈரக் கையில் சத்தமே எழவில்லை. எங்களைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரித்தாள்.

நான் ஓடிப்போய்க் கருவியைக் கழற்றிவிட்டு எடுத்துவந்த முக்காலியைக் கால் சேர்த்து ஏணி போலச் சேற்றின்மேல் கிடத்தினோம். அவள் அதன்மேல் படுத்துக்கொள்ள, அத்தையின் தோள்துண்டை அவள் கக்கத்தில் கட்டி, நானும் அத்தையும் கல்லில் கால் ஊன்றி இழுத்தோம். அத்தை ஏலக்காய் மூட்டை இழுப்பவர்கள் மாதிரி "ஏலே ஐசா" போட்டாள். தொப்பென்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தாள்.

"வாத்து பாக்க வந்தவ வாத்தாவே ஆயிட்டியே ஆத்தா!"

மூச்சு வாங்குவது அடங்கியதும் சாரதா என் நோட்டைப் பிடுங்கி, சேற்று விரலோடு எழுதினாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "என் பக்கத்திலேயே நின்று உங்களுக்குப் பதில் குரல் கொடுத்தார்களே, அந்த அக்கா எங்கே? திரும்பிப் பார்க்க முடியவில்லை."

சம்பு, தண்ணீர், பனி. வேறு யாரும் இல்லை. சேற்றில் அவள் தடத்தைத் தவிர இன்னொரு தடமும் இல்லை, அதை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

வாசித்துச் சொன்னதும் அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வெரசா வாங்க, ரயிலு சோலியப் பாப்போம்," என்றாள்.

பம்புசெட்டில் நின்று சாரதாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது பனி மொத்தமாக விலகியது. கண்மாயின் நடுத்திட்டில், வெயிலில், வரித்தலை வாத்துகள். பதினொன்று. ஈரப் பாவாடையோடு அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அத்தையும் கருவியில் பார்த்தாள். "எல்லாம் தலகீழாத் தொங்குதே, இதுக்கா இமயமலையில இருந்து வந்துச்சு?" மாலை ரயிலில், என் தாவணியைக் கட்டிக்கொண்டு, கையாட்டிக்கொண்டு போனாள். பொறுப்பு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து எங்கள் ஆபீசுக்கு ஒரு டிரங்கால் வந்தது.

"ஹலோ, அரசியா? நான் சாரதா பேசறேன். தொண்டை தொறந்தாச்சு! அப்பா திட்டவே இல்லை, அடுத்த வருசமும் போலாம்னுட்டார்!"

கணீரென்ற குரல். ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் சின்னதாகக் கீறல் விழுந்து மேலே போய் நின்றது. அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள்.

"சாரதா, ஒரு தடவை ஓய்னு கூப்பிடேன்."

"பைத்தியமா உனக்கு? போஸ்ட் ஆபீஸ்ல நிக்கறேன்." ஆனாலும் கூப்பிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். டேப் ரிக்கார்டரில் நம் குரலைக் கேட்டால் நமக்கே யாரோ போல இருக்கும் அல்லவா, அதனால்தான் அவளுக்கு அது யாரோ ஓர் அக்காவாகக் கேட்டிருக்கிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். அது எதை விளக்குகிறது என்று நீங்களே பாருங்கள்.

அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. போன தை மாதம் அவள் மறுபடி வந்தாள். நான் ஒரு விசில் வாங்கி வைத்திருந்தேன். தொண்டைக்கு நல்லது, நீ கத்தவே கூடாது, விசில்தான் என்றேன். சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பனி அதே பனி. இந்தத் தடவை அத்தை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் கூப்பிட்டேன். அத்தை என் காதருகே "ஓய்" என்றாள். கரையின் கோடியிலிருந்து விசில். இரண்டு. பென்சிலை எடுத்தேன்.

சம்புப் பக்கத்திலிருந்து, மெதுவாக, கடைசியில் கீறல் விழுந்து, மூன்றாவதாக ஒன்று வந்தது.

கோடியில் சாரதா அதை நான்தான் என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாக இன்னும் இரண்டு விசில் ஊதினாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கண்மாயைக் காட்டினாள்.

"எழுதாத. வாத்த எண்ணு."

எண்ணினேன். பத்தொன்பது. இரண்டாவது தடவை எண்ணவில்லை.