ராஜமேரி போட்ட தையல்

நர்சு ராஜமேரிக்கு வாயைவிடக் கை முந்தும். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அவளிடம் அறை வாங்காமல் பிள்ளை பெற்றவர்கள் குறைவு. முக்கச் சொன்னால் முக்க வேண்டும். அலறினால் தொடையில் விழும். எனக்கு இரண்டு விழுந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ராஜமேரி, விவசாயம் பார்த்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கல்யாணமே வேண்டாம் என்று அப்பன் சவுரியப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள்.

ஆனாலும் எண்பத்து நாலாம் வருடம், ஆடி மாதத்துப் பகல் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். நான் பிள்ளை பெற்று இரண்டாம் நாள். பக்கத்துக் கட்டிலில் கண்ணம்மாளுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. முதல் இரண்டும் பிறந்த மறுநாளே மண்ணுக்குள் போனவை. எப்படிப் போயின என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இதையும் தூக்கிப்போக மாமியார் காசியம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பிள்ளை வாயில் ஊற்ற எருக்கம்பால் தயாராக இருக்கும்.

கண்ணம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூஞ்சியக் காட்டாதீங்க நர்சம்மா. பாத்தா குடுக்க முடியாது. அவங்ககிட்டயே குடுத்துருங்க."

பிரசவத்தில் அவளுக்கு நன்றாகக் கிழிந்திருந்தது. மரத்துப்போகிற ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. ராஜமேரி அப்படியே முதல் தையலைக் குத்தியதும் கண்ணம்மாள் உதைத்தாள். ஊசி அவள் உள்ளங்கையில் ஏறியது. ராஜமேரி அறைந்தாள். கண்ணம்மாள் மறுபடியும் உதைத்தாள்.

ராஜமேரி பிள்ளையைத் துணியில்லாமல் தூக்கினாள். கண்ணம்மாளின் ஜாக்கெட்டைக் கிழித்து, வெறும் மார்மேல் கவிழ்த்துப் போட்டாள். "இத்தப் புடி. வலி கொறையும். கால ஆட்டுனீன்னா இன்னொன்னு உழும்." கருணையால் செய்தாள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். மார்மேல் பிள்ளை கிடந்தால் பெண்கள் அடங்குவார்கள் என்பது அவள் அனுபவம்.

கண்ணம்மாள் தொடவில்லை; கைகளை விரித்துப் போட்டே கிடந்தாள். மூன்றாவது தையலில் பிள்ளை தலையை நகர்த்தி வாயைத் தேய்த்தது. அவள் கை தானாக மேலே வந்தது. அதன் பிறகு நாலு தையல், சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது.

ஏழாவது முடிச்சு விழுந்ததும் காசியம்மாள் உள்ளே வந்து பிள்ளையின் காலைப் பிடித்தாள். "குடுடி." கண்ணம்மாள் விடவில்லை. மகன் குப்புராஜ் ஓடிவந்து பெண்டாட்டியின் மயிரைப் பிடித்து இழுத்தான். தடுத்த ராஜமேரியின் வாயில் குத்தினான், பல் தெறித்தது. அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டு, கத்தரிக்கோல் வைக்கிற எவர்சில்வர் தட்டாலேயே அவன் மண்டையைப் பிளந்தாள். அதற்குள் மாமியார் பிள்ளையைப் பாதி உருவியிருந்தாள். கண்ணம்மாள் அவள் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். பிறகு இரண்டு காலாலும் வயிற்றில் உதைத்தாள். கிழவி கதவில் போய் விழுந்தாள்.

ராஜமேரி இருவரையும் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலெல்லாம் இரத்தம். ஏழு தையலும் பிரிந்திருந்தது.

"மறுபடியும் தைக்கணும்மா. ரொம்ப வலிக்கும்." அவள் தணிந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

"தையுங்க," என்றாள் கண்ணம்மாள். "இவள மட்டும் எடுக்காதீங்க."

எட்டாம் நாள் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, தீர்த்தமலைப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். குப்புராஜ் தலையில் கட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். ராஜமேரி துணைக்கு வந்திருந்ததால் கிட்டே வரவில்லை.