கிராக்கோவில் ஒரு மணி நேரம் முன்னால்

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

அப்போது டப்ளினில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கிராக்கோவிலிருந்து அக்கா போக்னா போனில் கூப்பிட்டாள். அப்பா இன்னும் ஒரு நாள் தாங்க மாட்டாராம். மேலாளன் விடுப்பு தரவில்லை. வேலையை அவன் மூஞ்சியிலேயே வீசிவிட்டுக் கிளம்பினேன். பாசத்தால் அல்ல. அம்மா செத்ததை, அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அப்பா எனக்குச் சொன்னார். ஏன் என்று அந்த ஆளின் வாயிலிருந்தே கேட்க வேண்டும். அதுவரை சாகக் கூடாது.

ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கைக்கடிகாரத்தில் டப்ளின் நேரமே ஓடியது. கிராக்கோவ் ஒரு மணி நேரம் முன்னால்.

எட்டு நாற்பது. வெளியே வெறும் மேகம். அப்பாவிடம் கேட்கப்போவதை மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். சட்டென்று காது அடைத்தது. எங்கிருந்தோ மருந்து நெடி...

பக்கத்தில் இருந்த பெண்மணி தன் கம்பளி மேலங்கியை என் மடியில் போட்டாள். காலி இருக்கையில் போடுவதுபோல.

"என்னம்மா இது?" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "எப்ப வந்தீங்க, தம்பி? கால் மணி நேரமா இங்க யாருமே இல்லையே."

குடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது.

குனிந்து பார்த்தேன்.

காலணிகளில் பனி... இன்னும் உருகாத பனி.

எட்டு ஐம்பத்தைந்து.

விமானம் தரையைத் தொட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள், எப்போதும் செய்வதுபோல, பத்திரமாக இறங்கியதற்குக் கைதட்டினார்கள். ஒவ்வொருவரையும் அறையலாம்போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். கட்டிலை உதைத்தேன்.

"செத்த பிறகும் விட மாட்டியா?" என்றாள் போக்னா. "அதான் காலையில வந்து பாத்தியே, போதாதா?"

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் அவளும் செய்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டாள். ஆறரைக்குக் கிளம்புகிறான், விமான நிலையத்திலிருந்து வர அரை மணி, ஒன்பது நாற்பதுக்கு இங்கே இருப்பான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

ஒன்பது நாற்பதுக்குக் கதவு திறந்ததாம்.

அங்கே ஒன்பது நாற்பது. என் கையில் எட்டு நாற்பது.

நான் மேகத்தில் இருந்தேன்.

நர்ஸும் பார்த்திருக்கிறாள். உட்கார நாற்காலி போட்டது அவள்தானாம். கால் மணி நேரம் இருந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனேனாம். அதற்குள் அப்பாவின் மூச்சு நின்றிருந்ததாம்.

போக்னா என் கையைப் பிடித்தாள்.

"என்னை வெளிய அனுப்பிட்டாரு. கதவுக் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். உன் தலையை இழுத்து வச்சு, காதுல அழுதுகிட்டே சொன்னாரு. அம்மா விஷயம்தானே? என்ன சொன்னாரு, ராடெக்?"